அரசாங்கம் மூடியிருந்த ஜனவரி

2019 ஜனவரி 10, வியாழன் – பிலடெல்பியா

அமெரிக்க அரசாங்கத்தின் ஒரு பகுதி டிசம்பர் 22 முதல் மூடிக் கிடக்கிறது. அது தெரிந்தேதான் வந்தேன். மேரிலாந்தில் இருக்கும் அக்கா மகன், மத்திய அரசுத் துறை ஒன்றுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். துறைக்குப் பூட்டு, அதனால் இவனுக்கும் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. “நல்லதாப் போச்சு மாமா, லீவு கேக்க வேண்டியதில்லை. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் வீட்டுக் கடன் தவணையைப் பற்றி முந்தின இரவு அவன் மனைவியிடம் தாழ்ந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது.

வகுப்பில் குடிமையியல் எடுத்துக் காலத்தைக் கழித்தவன் நான். அதிகாரப் பிரிவினை என்று கரும்பலகையில் சபை, அதிபர், நீதிமன்றம் என மூன்று பெட்டி போட்டு அம்புக்குறி இழுத்ததெல்லாம் இந்த ஊரைப் பற்றித்தான். சரி, அந்தப் பெட்டிகளை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பியாயிற்று.

வழியில் டெலவேர் மாநிலம். கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிற மாநிலம். அதற்கு நாலு டாலர் சுங்கம். கார்களின் நம்பர் பிளேட்டில் ‘முதல் மாநிலம்’ என்று எழுதியிருக்கிறது. 1787 டிசம்பர் 7 அன்று அரசியலமைப்புச் சட்டத்தை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் என்ற பெருமை. இருக்கட்டும், நாலு டாலர் வாங்கிக்கொண்டு பெருமை பேசுகிறார்கள்.

பிலடெல்பியாவில் காற்று காதை அறுத்தது. சுதந்திர மண்டபத்துக்குப் பூட்டு. தேசியப் பூங்கா ஊழியர்கள்தான் அதைக் கவனித்துக்கொள்கிறவர்கள், அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுதந்திர மணி இருக்கும் கட்டடமும் மூடல். ஆனால் வெளியிலிருந்து கண்ணாடி வழியாக மணி தெரிகிறது. ஒஹையோவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. எங்களைப் பார்த்ததும் அப்பா பிள்ளைகளை விலக்கி, “வாங்க, உங்க முறை” என்று இடம் விட்டார். அவர்கள் அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்திருக்கிறார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

இந்த மண்டபத்தில்தான் 1787 மே முதல் செப்டம்பர் வரை 55 பேர் வந்துபோய், சண்டை போட்டு, அரசியலமைப்பை எழுதினார்கள். பேச்சு வெளியே போகக் கூடாது என்று கோடையிலும் சன்னல்களைச் சாத்தி வைத்தார்களாம். பெரிய சண்டை மக்கள்தொகையைப் பற்றி. ஆள் அதிகம் உள்ள மாநிலத்துக்கு அதிக இடம் வேண்டும் என்று வர்ஜீனியா; எல்லாருக்கும் சமம் என்று நியூ ஜெர்சி. கடைசியில் கனெக்டிகட்காரர்கள் சொன்ன வழிக்கு வந்தார்கள்: கீழவையான பிரதிநிதிகள் சபையில் தலைக்கணக்கு, மேலவையான செனட்டில் சமம். அந்தத் தலைக்கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவது என்றும் முடிவானது. அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது. அவர்களை எண்ணியதால் வந்த இடங்கள் எஜமானர்களின் மாநிலங்களுக்கு. சமரசம் என்று பாடப் புத்தகம் ஒரே சொல்லில் முடித்துவிடும்.

அரசியலமைப்பு மையம் தனியார் அமைப்பு, அதனால் திறந்திருந்தது. பதினாலரை டாலர். உள்ளே ஒரு கூடம் முழுக்க ஆளுயர வெண்கலச் சிலைகள், 42 பேர். கையெழுத்துப் போட்டவர்கள் 39; கடைசிவரை இருந்துவிட்டுப் போட மாட்டேன் என்ற மூன்று பேர். மறுத்தவர்களுக்கும் அதே கூடத்தில் சிலை வைத்தது எனக்குப் பிடித்தது. அதில் ஜார்ஜ் மேசன் என்பவர், தனிமனித உரிமைகள் இதில் இல்லை என்று முறைத்துக்கொண்டு போனவர். 1791-ல் முதல் பத்துத் திருத்தங்களாக அந்த உரிமைகள் வந்து சேர்ந்தன. அரசியலமைப்பை வரைவதில் முன்னால் நின்ற ஜேம்ஸ் மேடிசன் ரொம்பச் சின்ன உருவம். அவர் பக்கத்தில் நின்று மருமகன் என்னைப் படம் எடுத்தான், நானே உயரம்.

மதியம் ரீடிங் டெர்மினல் மார்க்கெட். மாட்டிறைச்சியும் சீஸும் அடைத்த நீள ரொட்டி பதினோரு டாலர். ஒன்றை இரண்டு பேர் சாப்பிட்டும் மிஞ்சியது. ஆமிஷ் என்கிற, பழைய வாழ்க்கை முறையை விடாத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருத்தி வெள்ளைத் தொப்பியோடு வெண்ணெய் தடவிச் சுடச்சுடக் கொடுத்த பிரெட்ஸல் அதைவிட நன்றாக இருந்தது.

ஜனவரி 11, வெள்ளி – அனாபொலிஸ்

மத்திய அரசு மூடினாலும் மாநில அரசு மூடாது. அதன் கஜானா வேறு, சபை வேறு. அதைப் பார்க்க மேரிலாந்தின் தலைநகரத்துக்குப் போனோம்.

காலைச் சாப்பாட்டுக்குச் சட்டசபை அருகே ஒரு பழைய கடை. முட்டையைப் பிட்டு வாயில் வைக்கும்போது ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு. மணி எட்டரை. எல்லாரும் எழுந்தார்கள். சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். கொடிக்கு விசுவாச உறுதிமொழி. தினமும் இப்படித்தானாம். நானும் எழுந்து சும்மா நின்றேன். முடிந்ததும் பரிமாறும் அம்மாள் என்னிடம் வந்து, “நீங்க எழுந்திருக்க வேண்டியதில்லை தம்பி, ஆனா எழுந்தது நல்லா இருந்தது” என்ற தொனியில் ஏதோ சொல்லிக் காப்பியை மறுபடி நிரப்பினார். ‘ஹனி’, அதாவது தேன் என்று அவர் என்னைக் கூப்பிட்டதை நான் தம்பி என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது.

சட்டசபைக் கட்டடம் 1770-களில் தொடங்கியது. இன்றும் சட்டசபை கூடுகிற கட்டடங்களில் நாட்டிலேயே பழையது. ஆணி அடிக்காத மரக் கோபுரம். இங்கேதான் 1783 டிசம்பர் 23 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தன் தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். போரில் ஜெயித்த தளபதி, கையில் படை, எதிரில் பணமில்லாத ஒரு சபை. அவர் அந்தச் சபைக்குத் தலைவணங்கிவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த அறையில் அவர் நின்ற கோலத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ராணுவ ஆட்சி என்று எத்தனையோ நாடுகளின் கதையைப் படித்தவன், அந்தச் சிலை முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன்.

சட்டசபை இரண்டு நாள் முன்புதான் கூடியிருந்தது. வருடத்துக்கு 90 நாள்தான் கூட்டம்; மற்ற நாளில் உறுப்பினர்கள் அவரவர் தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். வக்கீல், ஆசிரியர், பண்ணைக்காரர். கீழவை உறுப்பினருக்கு வருடச் சம்பளம் 50,330 டாலர். நியூ ஹாம்ப்ஷயரில் 400 உறுப்பினர்கள், வருடத்துக்கு 100 டாலர் சம்பளம் என்று மருமகன் சொன்னான். நம்பவில்லை, தேடிப் பார்த்தால் உண்மை.

இன்னொரு விஷயம். இங்கே எதற்கெடுத்தாலும் தேர்தல். ஷெரிப், அரசு வழக்கறிஞர், நீதிமன்றப் பதிவாளர், பள்ளி வாரியம். உயில்களைப் பதிவுசெய்யும் அதிகாரியைக்கூட மேரிலாந்துக்காரர்கள் ஓட்டுப் போட்டுத்தான் வைக்கிறார்கள். “யாருன்னு தெரிஞ்சா போடறே?” என்றேன். “கட்சியைப் பாத்துப் போடுவேன் மாமா” என்றான். அப்புறம் எதற்கு.

நண்டு சூப் ஒன்பது டாலர். கெட்டிப்பால் மாதிரி இருந்தது. மிளகு இருந்தால் இன்னும் இரண்டு கிண்ணம் குடித்திருப்பேன்.

ஜனவரி 12, 13 – வீட்டில்

சனி மதியம் பனி தொடங்கியது. ஞாயிறு இரவு வரை நிற்கவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வந்துவிட்டது. மருமகனின் மனைவி ரசம் வைத்தாள், அப்பளம் பொரித்தாள். சன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

இந்தப் பனி வரப்போகிறது என்று சொன்ன வானிலைத் துறைக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. அத்தியாவசியப் பணி என்பதால் வேலைக்கு வந்தாக வேண்டும், காசு பிறகு. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நிலையத்தில் ஒருவர் இந்த மாதம் 4-ம் தேதி அறிக்கையில் ஒரு வேலை செய்திருக்கிறார்: வரிகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘தயவுசெய்து சம்பளம் கொடுங்கள்’ என்று வரும்.

நடைபாதைப் பனியை வீட்டுக்காரர்தான் அள்ள வேண்டும், நின்ற 24 மணி நேரத்துக்குள். இது கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் மாதிரியான ஒன்றின் சட்டம். நானும் ஒரு மண்வெட்டி எடுத்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் பக்கத்தை முடித்துவிட்டு எங்கள் பக்கத்தையும் பாதி அள்ளிவிட்டார். அவர் ஒரு மத்தியத் துறையில் கணக்கர். வெள்ளிக்கிழமை அவருக்குச் சம்பளச் சீட்டு வந்ததாம். கைபேசியில் காட்டினார். பிடித்தம், வரி, நிகரம் என்று எல்லாக் கட்டமும் இருந்தது, எல்லாவற்றிலும் பூஜ்யம். அவரைப் போல எட்டு லட்சம் பேர். ஏறக்குறையப் பாதிப் பேர் வீட்டில், மீதிப் பேர் சம்பளமில்லாமல் வேலையில்.

ரசம் குடித்துக்கொண்டே மருமகனிடம் கேட்டேன், இது எப்படி நடக்கிறது என்று. அவன் சொன்னதும் நான் படித்ததும் சேர்ந்தது இது. வருடத்துக்கு 12 செலவு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். இந்த முறை ஐந்து நிறைவேறியது, ஏழு நிற்கிறது. மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் வேண்டும் என்கிறார் அதிபர் டிரம்ப். கொடுக்க மாட்டோம் என்கிறது பிரதிநிதிகள் சபை. அது ஜனவரி 3 முதல் எதிர்க்கட்சியின் கையில். சபை ஒதுக்காத காசைச் செலவழிப்பது குற்றம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சட்டம் உண்டு. ஆனாலும் 1980 வரை, ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகங்கள் சிக்கனமாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த வருடம் அட்டர்னி ஜெனரலாக (இங்கே அது நீதித் துறை அமைச்சர் மாதிரி) இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி சட்டத்தைக் கறாராகப் படித்து, காசு இல்லையென்றால் கதவை மூடு என்று கருத்து எழுதினார். ஷட்டவுன் என்ற வழக்கம் அங்கிருந்து வருகிறது.

நம் ஊரில் பட்ஜெட் மக்களவையில் தோற்றால் அரசே கவிழும். பிரதமர் ராஜினாமா செய்வார், இல்லையென்றால் தேர்தல் வரும். இங்கே யாரும் கவிழ முடியாது. அதிபருக்கு நாலு வருடம், பிரதிநிதிக்கு இரண்டு, செனட்டருக்கு ஆறு. சபை அதிபரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் குற்றம் சாட்டி விசாரிக்க வேண்டும்; பிடிவாதம் அதில் சேராது. அதிபரோ சபையைக் கலைக்கவே முடியாது. மூன்று பெட்டியும் ஒன்றின் குரல்வளையை ஒன்று பிடித்துக்கொள்ளும்படி வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்கள். பிடித்தவர்கள் விடவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு அதில் வழி எழுதவில்லை. பக்கத்து வீட்டம்மாளின் சீட்டில் பூஜ்யம் வருகிறது, அவ்வளவுதான். கரும்பலகையில் அம்புக்குறி போட்டபோது இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரி 14, திங்கள் – வாஷிங்டன்

மூடிய அரசாங்கத்துக்கு இன்று பனி விடுமுறை. ஆமாம், அலுவலகங்கள் பனியால் மூடல் என்று முறைப்படி அறிவித்திருக்கிறார்கள். மெட்ரோவில் எல்லாரும் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நேஷனல் மால் என்கிற நீளப் புல்வெளியின் இரு பக்கமும் அருங்காட்சியகங்கள், எல்லாக் கதவிலும் மூடல் என்ற அதே காகிதம். கழிப்பறையும் பூட்டு, முக்கால் மைல் நடந்து ஒரு காப்பிக் கடையில் நாலு டாலருக்கு வேண்டாத காப்பி வாங்கிப் போக வேண்டியிருந்தது. குப்பைத் தொட்டிகள் மட்டும் சுத்தம். மத்திய அரசின் இடம்தான், ஆனால் மாநகர நிர்வாகம் தன் ஆட்களை அனுப்பி அள்ளுகிறது.

இந்த நகரத்தின் கதை தனி. ஏழு லட்சம் பேர், வயோமிங் மாநிலத்தைவிட அதிகம். வயோமிங்குக்கு இரண்டு செனட்டர். இவர்களுக்கு ஒருவரும் இல்லை. கீழவையில் ஒரு பிரதிநிதி உண்டு, சபையின் இறுதி வாக்கெடுப்பில் ஓட்டுக் கிடையாது. அதிபர் தேர்தலில் ஓட்டே 1961-ல் வந்த 23-ஆம் திருத்தத்துக்குப் பிறகுதான். கார் நம்பர் பிளேட்டிலேயே ‘பிரதிநிதித்துவம் இல்லாத வரியை ஒழி’ என்று அச்சடித்து ஓட்டுகிறார்கள். மாநகர சபை போடும் சட்டத்தைக் காங்கிரஸ், அதாவது இரு அவைகளும் சேர்ந்த இவர்கள் நாடாளுமன்றம், ரத்து செய்யலாம். நீதிமன்றச் செலவும் மத்திய அரசின் கையில், அதனால் இந்த ஷட்டவுனில் இங்கே கல்யாணம்கூட நடக்கவில்லை: திருமண உரிமம் கொடுக்கும் அலுவலகம் நீதிமன்றத்தில் இருக்கிறது. மேயர் போன வெள்ளிக்கிழமைதான் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு, உரிமத்தைத் தானே கொடுக்க வழி செய்தார். ஆங்கிலத் தலைப்பின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் லவ் சட்டம் என்று வருமாறு ஒட்டவைத்திருக்கிறார்கள். இந்த ஊர் அரசியல்வாதிகளுக்கு இதில் தனிக் கெட்டிக்காரத்தனம்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் படிகளில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினோம். அரசியலமைப்பின் அசல் தாள் உள்ளே இருக்கிறது. இதுவரை 27 திருத்தங்கள். ஒரு திருத்தத்துக்கு இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அப்புறம் 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். கடைசித் திருத்தத்தின் கதையை வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை. காங்கிரஸ் உறுப்பினர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் சம்பள மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடப்புக்கு வரலாம் என்பது அது. 1789-ல் மேடிசன் முன்வைத்தது, தூங்கிவிட்டது. 1982-ல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். சி மதிப்பெண் போட்டார்கள். கோபத்தில் மாநிலம் மாநிலமாகக் கடிதம் போட ஆரம்பித்தார். 1992-ல் திருத்தம் நிறைவேறியது. 2017-ல் அவர் மதிப்பெண்ணை ஏ என்று திருத்திக் கொடுத்தார்கள். அந்தக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு இந்த மாதமும் சம்பளம் தவறாமல் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது நிரந்தர ஒதுக்கீடு.

தள்ளுவண்டியில் ஹாட் டாக் விற்கும் எத்தியோப்பியர் எங்களைத் தவிர ஆளே இல்லை என்றார். அவர் நம்பியிருப்பது சுற்றுலாக்காரர்களையும் ஆபீஸ்காரர்களையும்தான். “அவங்களுக்கு என்னிக்காவது பாக்கிச் சம்பளம் வரும், எனக்கு யார் கொடுப்பா?” மருமகன் ஒன்றும் பேசாமல் இரண்டு வாங்கிக்கொண்டு பத்து டாலர் தாளை நீட்டி, மீதி வேண்டாம் என்றான். அவனுக்கும் அதே கதிதான். ஒப்பந்தக்காரர்களுக்குப் பாக்கி கிடையாது.

இரவு டிவியில் வெள்ளை மாளிகை. சமையல்காரர்கள் விடுப்பில் இருப்பதால், கல்லூரிக் கால்பந்து வெற்றி பெற்ற க்ளெம்சன் அணிக்கு அதிபர் தன் செலவில் மெக்டொனால்ட்ஸ், வெண்டிஸ் பர்கர்களை வாங்கி வெள்ளித் தட்டுகளில் அடுக்கியிருந்தார், இரு பக்கமும் மெழுகுவத்தி. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார்கள்.

ஜனவரி 15, செவ்வாய் – கேபிடல்

காங்கிரஸ் தனக்கான செலவு மசோதாவைச் செப்டம்பரிலேயே நிறைவேற்றிக்கொண்டுவிட்டது. அதனால் அதன் இரு அவைகளும் கூடும் கேபிடல் கட்டடம் திறந்திருக்கிறது, வழிகாட்டிகளுக்குச் சம்பளம் வருகிறது, இலவசச் சுற்று நடக்கிறது. சண்டை போடுகிற வீட்டில் மட்டும் அடுப்பு எரிகிறது. தண்ணீர்ப் பாட்டிலையும் நாங்கள் கொண்டுபோன புளியோதரைப் பொட்டலத்தையும் வாசலில் நிறுத்திவிட்டார்கள். குளிரில் நின்றபடி சாப்பிட்டு முடித்துவிட்டு உள்ளே போனோம்.

சபை மாடத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டினால் சீட்டுக் கொடுக்கிறார்கள். கைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். செனட் மாடத்தில் உட்கார்ந்தால் கீழே நூறு மேசை, ஒரே ஒரு செனட்டர். காலி நாற்காலிகளைப் பார்த்து, கையை ஆட்டி ஆட்டி, ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் தொலைக்காட்சிக் காமிராவுக்கு. அவர் முடித்ததும் எழுத்தர் மெதுவாக ஒவ்வொரு பெயராகப் படிக்க ஆரம்பித்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. கோரம், அதாவது சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள், இருக்கிறதா என்று எண்ணுகிறார்களாம். உண்மையில் நேரம் கடத்துகிறார்கள். வாசலோர மேசை ஒன்றின் இழுப்பறையில் மிட்டாய் வைத்திருப்பது 1960-களிலிருந்து மரபு, எந்தக் கட்சிக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். கட்சி பேதமில்லாமல் நடக்கிற ஒரே காரியம் என்று மருமகன் காதில் சொன்னான், காவலர் முறைத்தார்.

நாலு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர், ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு. கீழவையில் தலைக்கணக்கு. ஆனால் மொத்த இடம் 435 என்று நூறு வருடத்துக்கு மேலாக உறைந்து நிற்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, வளர்ந்த மாநிலத்துக்குக் கூட்டி, வளராத மாநிலத்துக்குக் குறைக்கிறார்கள். 1967-ல் மக்களவை இடம் 41-லிருந்து 39-க்கு இறங்கிய தமிழ்நாட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (பிறகு சேர்த்தது: 2020 கணக்கெடுப்பில் நியூயார்க் ஓர் இடத்தை இழந்தது. இன்னும் 89 பேர் கணக்கில் வந்திருந்தால் அந்த இடம் தங்கியிருக்கும்.)

இந்த 435, செனட்டின் 100, வாஷிங்டன் நகரத்துக்கு 3, ஆக அதிபரைத் தேர்ந்தெடுக்க 538 தேர்வாளர்கள். 270 கிடைத்தவர் அதிபர். 2016-ல் ஹிலரி கிளின்டன், டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் மேல் ஓட்டு கூடுதலாக வாங்கியும் தோற்றது இந்தக் கணக்கில்தான்.

பக்கத்துக் கட்டடத்தில் வில்லியம் பார் என்பவரை அட்டர்னி ஜெனரல் ஆக்கலாமா என்று செனட் குழு விசாரித்துக்கொண்டிருந்தது. வரிசை நீளம், உணவகத்து டிவியில்தான் பார்த்தோம். அமைச்சராக வேண்டுமானால் எம்.பி. ஆக வேண்டும் என்பது நம் முறை. சபை உறுப்பினர் அமைச்சராகவே கூடாது என்பது இவர்கள் முறை. அங்கே பிரசித்தி பெற்ற செனட் மொச்சை சூப் கிடைக்கும். வெள்ளை மொச்சை, பன்றிக் கணுக்கால். உப்பு மட்டும்தான் சுவை. நூறு வருடமாக மெனுவிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கிறார்கள், அதையாவது யாராவது தடுத்திருக்கலாம்.

ஜனவரி 16, புதன் – நீதிமன்றமும் சமையற்கூடமும்

விடியுமுன் உச்ச நீதிமன்ற வாசலில் வரிசை. கால் விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. முன்னால் நின்ற சட்ட மாணவி, கையைச் சூடாக்கும் சிறு பொட்டலம் ஒன்றைப் பிரித்து, கேட்காமலே என் கையில் வைத்தாள். முழு வாதத்தையும் கேட்க ஒரு வரிசை, மூன்று நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போக இன்னொன்று. எங்களுக்கு முழு வரிசையிலேயே இடம் கிடைத்துவிட்டது. பையை வைக்கும் பெட்டகத்துக்கு 25 செண்ட் காசு.

வழக்கு சாராயக் கடை பற்றியது! டென்னசி மாநிலத்தில் மதுக்கடை வைக்க இரண்டு வருடம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று சட்டம். மெம்பிசுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதி அதனால் மாட்டிக்கொண்டார்கள். 1933-ல் மதுவிலக்கை நீக்கிய 21-ஆம் திருத்தம் மதுவை மாநிலங்களின் கையில் விட்டது. ஆனால் வெளியூர்க்காரனை ஒதுக்க அது உரிமை தருமா என்பது கேள்வி. வக்கீல் நாலு வாக்கியம் பேசுவதற்குள் நீதிபதிகள் குறுக்கிட்டார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை மணி, சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்த வேண்டும். ஒன்பது நாற்காலியில் ஒன்று காலி. ரூத் பேடர் கின்ஸ்பர்க் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டிலிருந்தே வழக்கைப் படிக்கிறார். கிளாரன்ஸ் தாமஸ் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கேள்வியும் இல்லை. எல்லாருக்கும் ஆயுள் பதவி. அதிபர் நியமிப்பார், செனட் ஒப்பும், அப்புறம் நியமித்தவரையே எதிர்த்துத் தீர்ப்பெழுதலாம். சட்டசபை போட்ட சட்டம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் அரசியலமைப்பில் நேராக எழுதப்படாதது. 1803-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பு மூலம் எடுத்துக்கொண்டது. (ஜூனில் 7-2 என்று அந்தத் தம்பதி ஜெயித்தார்கள்.)

மதியம் பென்சில்வேனியா அவென்யூவில் நீண்ட வரிசை. ஸ்பெயினில் பிறந்த சமையல் கலைஞர் ஹோசே ஆண்ட்ரேஸ் தன் தொண்டு அமைப்பின் மூலம் மத்திய அரசு ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு கொடுக்க இன்றுதான் சமையற்கூடம் திறந்திருக்கிறார். அடையாள அட்டையைக் காட்டினால் போதும். கோட் சூட்டில் ஒருவர் அட்டையைக் கையில் மடக்கி வைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி நின்றார். அவருக்கு முன்னால் இருந்த பெண் திரும்பி அவரிடம் எந்தத் துறை என்று கேட்டு, தன் துறையைச் சொல்லி, இருவரும் பேச ஆரம்பித்ததும்தான் அவர் தோள் இறங்கியது.

மாலைச் செய்தியில் செனட் வாக்கெடுப்பு. ரஷ்ய நிறுவனங்கள் சிலவற்றின் மீதான தடையைத் தளர்த்துவதை எதிர்த்த தீர்மானம். ஆதரவு 57, எதிர்ப்பு 42. தோற்றது! விவாதத்தை முடிக்கவே 60 வேண்டும். அதிபர் கட்சியிலிருந்தே பதினொரு பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். கொறடா உண்டு, ஆனால் அவர் சொல்லைக் கேட்டாக வேண்டும் என்பது இல்லை; கட்சித் தாவல் தடைச் சட்டமும் இல்லை, பதவியும் போகாது. அதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. 57 பேர் தோற்பதைப் பார்க்க அப்படி இல்லை.

ஜனவரி 17, வியாழன் – விமான நிலையம்

சோதனை வரிசையில் இருந்த காவல் ஊழியர் என் பெல்ட்டைக் கழற்றச் சொல்லும்போதும் ‘சார்’ போட்டார். சம்பளம் இல்லாதவர். நன்றி சொல்லிவிட்டு ஏதாவது கொடுக்கலாமா என்று மருமகனிடம் போனில் கேட்டேன். “மாமா, லஞ்சம்னு பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க, பேசாம போங்க.”

காத்திருப்புக் கூடத்து டிவியில் அடுத்த சண்டை. நேற்று சபாநாயகர் நான்சி பெலோசி, பாதுகாப்பு ஊழியர்களுக்குச் சம்பளமில்லாததால் வருடாந்திர உரையைத் தள்ளிவைக்கலாமே என்று அதிபருக்குக் கடிதம் எழுதினார். இன்று அதிபர் பதில் கடிதத்தில் பெலோசியின் ஆப்கானிஸ்தான் பயணத்துக்கான ராணுவ விமானத்தை ரத்து செய்துவிட்டார். உறுப்பினர்கள் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு! பக்கத்து இருக்கைப் பெரியவர், “எல்லாருக்கும் விமானம் தாமதம்தான்” என்று சொல்லிவிட்டு செய்தித்தாளைப் புரட்டினார். என் விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. சாப்பாட்டில் உப்பில்லை.

(பிறகு சேர்த்தது: 24-ம் தேதி செனட்டில் இரண்டு மசோதாக்கள் ஓட்டுக்கு வந்தன. அதிபருடையது 50-47, எதிர்க்கட்சியுடையது 52-44. இரண்டும் 60-ஐ எட்டவில்லை. மறுநாள் விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சிலர் வேலைக்கு வராததால் நியூயார்க்கில் விமானங்கள் நின்றன, அன்று மாலையே சுவருக்குக் காசில்லாத மசோதாவில் அதிபர் கையெழுத்துப் போட்டார். 35 நாள். பக்கத்து வீட்டம்மாளுக்குப் பாக்கி வந்துவிட்டது. மருமகனுக்கு வரவில்லை. “ஆபீஸ் திறந்துட்டாங்க மாமா, திங்கக்கிழமை போறேன்” என்று செய்தி அனுப்பினான். அடுத்த வரியில்: “பிப்ரவரி 15 வரைக்கும்தானாம்.”)